லேப் ரிப்போர்ட் கேட்கிறவர்தான் உங்கள் வாடிக்கையாளர்

கேள்வி: காங்கேயத்தில் மரச்செக்கு வைத்து நடத்துகிறோம். மாமனாருடைய அப்பா காலத்திலிருந்து வரும் தொழில். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் ஆட்டுகிறோம். டின் டின்னாக வாங்கிப் போன பெரியவர்கள் குறைந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் கோவை, சென்னை, பெங்களூர் என்று போய் ரீஃபைன்ட் எண்ணெய் வாங்குகிறார்கள். 23 வயது மகன் இப்போது என்னோடு தொழிலில் இருக்கிறான். 'மில்லினியல் மார்க்கெட்டிங்' செய்கிறோம் என்று சொல்லும் ஒரு ஏஜென்சியை அழைத்து வந்தான். மாதம் 40,000 ரூபாய் கேட்கிறார்கள். கடைக்கு இங்கிலீஷ் பெயர், ரீல்ஸ், மீம்ஸ், 'இன்று மட்டும்' ஆஃபர், ஒரு யூடியூபரை வைத்து வீடியோ, இதுதான் அவர்கள் திட்டம். ஆன்லைன் தளத்தில் கடை போடலாம் என்றும் சொல்கிறார்கள். மகளுக்கு 36 வயது, பெங்களூரில் இருக்கிறாள். அவள் குடியிருப்பில் ஒரு பெண், எண்ணெய் வாங்குவதற்கு முன்னால் லேப் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டாராம். மூன்று தலைமுறையாக ஆட்டுகிறோம், எங்களையே சந்தேகப்படுகிறார்களே என்று மனது கஷ்டமாகிவிட்டது. இந்தத் தலைமுறையிடம் எப்படித்தான் விற்பது?

— வாசகி, காங்கேயம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்தின் கடைசியில் வருத்தத்தோடு எழுதிய அந்த லேப் ரிப்போர்ட் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

அந்தப் பெண் உங்களைச் சந்தேகப்படவில்லை. வாங்கலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். வாங்குகிற எண்ணமே இல்லாதவர் 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ரிப்போர்ட் கேட்டு, பார்த்து, திருப்தியாகி வாங்கினால் அவர் அடுத்த மாதமும் வாங்குவார், பக்கத்து வீட்டுக்கும் சொல்வார். அவருக்குப் பதில் போயிற்றா? போகவில்லை என்றால் மகளிடம் சொல்லி, 'பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறோம், வந்ததும் அனுப்புகிறோம்' என்றாவது இன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், யார் இந்த மில்லினியல்கள்? ஏஜென்சிக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் கல்லூரிப் பிள்ளைகள் போலத் தோன்றும். பொதுவாக 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதாவது இன்றைக்கு முப்பதைத் தொட்டவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். வீட்டுக் கடன் கட்டுகிறார்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள், ஊரில் இருக்கும் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று போனில் கேட்கிறார்கள். வீட்டில் எந்த எண்ணெய் வாங்குவது என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தான். நீங்கள் தேடுகிற தலைமுறை உங்கள் மகளம்மா. மகன் அதற்கடுத்த தலைமுறை. அவனுக்குச் சிரிப்பு வரவைக்கும் மீம் அவன் அக்காவுக்குப் புரியாமலே போகலாம். அவன் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை, அந்த ஆர்வம் உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் எதைச் சொல்வது என்பதை அவன் அக்காவிடம் கேட்டுச் செய்யட்டும்.

இந்த வயதுக்காரர்கள் ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறார்கள்? விளம்பரத்தை நம்பி வளர்ந்து, பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டதைப் பார்த்தவர்கள் இவர்கள். சின்ன வயதில் டிவியில் பார்த்த நூடுல்ஸ், சத்துமாவுப் பானம் எல்லாம் வீட்டில் இருந்தது. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுத்தச் சொன்னபோது இவர்களில் பலர் புதிதாகக் கல்யாணமானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். நீதிமன்றம் போய், மறுபரிசோதனை நடந்து, அந்த நவம்பரிலேயே மேகி திரும்பி வந்துவிட்டது. ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் தங்கிவிட்டது. 2023-ல் போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று ஒருவர் போட்ட வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அந்த வருடக் கடைசியில் நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையைக் குறைத்தது. அத்தனை பெரிய கம்பெனியே பதில் சொல்ல வேண்டியிருந்ததைப் பார்த்தவர்கள், காங்கேயத்திலிருந்து வரும் பாட்டிலையும் திருப்பிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

ஆகவே என் ஆலோசனை ஒன்றே ஒன்றுதான். இவர்கள் விசாரித்துவிட்டு வாங்குகிறவர்கள். அந்த விசாரணைக்கு உங்கள் தொழில் தயாராக இருக்க வேண்டும். கையில் இருக்கும் பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

என்ன விசாரிப்பார்கள் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கடலை எண்ணெயில் ஆரம்பிப்போம். நிலக்கடலை ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு உண்டாகும். ரீஃபைன்ட் செய்யும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் நீங்காது, பருப்பில் இருந்தால் எண்ணெயிலும் இறங்கும். செக்கு எண்ணெய் விற்கிற பலரும் பேசத் தயங்குகிற விஷயம் இது. பெங்களூரில் ரிப்போர்ட் கேட்ட பெண் இதைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் பருப்பு வாங்கும்போது சொத்தை, முளைவிட்டது, கறுத்தது எல்லாம் பொறுக்கித்தான் செக்கில் போடுவீர்கள். அந்தப் பொறுக்கும் வேலையை எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறீர்கள்? முறத்தில் பருப்பைப் பரப்பி, கெட்டுப்போனதை ஒரு பக்கம் ஒதுக்கும் ஒரு நிமிட வீடியோ போதும். 'இதை ஏன் ஒதுக்குகிறோம்' என்று உங்கள் குரலிலேயே, உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள். கூடவே அரசு அங்கீகாரம் பெற்ற உணவுப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுத்து, அஃப்ளாடாக்ஸினும், எண்ணெய் கெட்டிருக்கிறதா என்று காட்டும் அமில மதிப்பும் பார்த்து ரிப்போர்ட் வாங்குங்கள். புதிய லோடு பருப்பு இறங்கும்போதெல்லாம் செய்ய முடிந்தால் நல்லது. ரிப்போர்ட்டை அப்படியே, தேதியோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு முறை அளவு சரியில்லை என்று வந்தால் அந்த எண்ணெயை விற்காதீர்கள். ஏன் விற்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். இதை ஏஜென்சி செய்து தர முடியாது, உங்களால்தான் முடியும்.

அடுத்தது விலை. 'ரீஃபைன்ட் எண்ணெயைவிட ஏன் இவ்வளவு அதிகம்?' என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு 'தரம்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அவர்களுக்குப் போதாது. கணக்கைக் காட்டுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால், இரண்டரை கிலோ பருப்பு போகிறது. அன்றைய பருப்பு விலை, ஆட்டுகிற கூலி, கரண்ட், பாட்டில், அதில் பிண்ணாக்கு விற்று வருவதைக் கழித்தால் என்ன நிற்கிறது, உங்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்று ஒரு அட்டையில் எழுதி, படமெடுத்துப் போடுங்கள். லாபத்தை வெளியே சொல்வதா என்று வீட்டுக்காரர் தயங்கலாம். நியாயமான லாபத்தை இவர்கள் தப்பாக நினைப்பதில்லை. மறைத்த மாதிரி தெரிந்தால்தான் விலகிப் போகிறார்கள். நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பீர்கள் அல்லவா, அதையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டு, பிறகு அவர்களாகத் தெரிந்துகொண்டால் கலப்படம் என்று நினைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, எண்ணெய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வரும் புகார்கள். டிசம்பரில் பெங்களூர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்து நிற்கும். 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது இறுகத் தொடங்கிவிடும் என்று உங்களுக்குத் தெரியும், முதல்முறை வாங்கியவருக்குத் தெரியாது. செக்கு எண்ணெயில் அப்பளம் பொரித்தால் நுரைத்துக்கொண்டு வரும், அடியில் கொஞ்சம் மண்டி படியும். இதெல்லாம் கோளாறு என்று நினைத்து ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாட்டிலோடு ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: உறைந்தால் என்ன செய்வது, ஏன் நுரைக்கிறது, எத்தனை மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று. லேபிளில் 'ஆட்டிய தேதி' பெரிதாக இருக்கட்டும். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு ஐந்து லிட்டர் டின்னை வற்புறுத்தாதீர்கள், தீர்வதற்குள் சிக்கு வாடை வந்துவிடும். முதல்முறை வாங்குகிறவருக்கு அரை லிட்டர்தான் சரி.

பழைய தொழிலை இந்தத் தலைமுறையிடம் கொண்டு சேர்ப்பதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு. 1955-லிருந்து திருவொற்றியூரில் செய்யப்பட்ட வண்டி. 2000-ஆம் ஆண்டு வாக்கில் மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்திருந்தது. நிர்வாகத்துக்கு வந்த சித்தார்த்த லால், இளைஞர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று வண்டியின் முகத்தை மாற்றவில்லை. அந்தப் பழைய தோற்றமே அவர்களுக்குப் பிடிக்கும் என்று விட்டுவிட்டு, உள்ளே இருந்த தொல்லைகளைச் சரி செய்தார்கள். எண்ணெய் ஒழுகுகிறது, நடுவழியில் நின்றுவிடுகிறது என்ற புகார்கள் தீரும்படி புது எஞ்சின் வந்தது. 2009-ல் வந்த கிளாசிக் மாடல் பார்க்கப் பழைய வண்டி, ஓட்டப் புது வண்டி. கூடவே, வாங்கினவர்களைச் சேர்த்து இமயமலைக்கும் கோவாவுக்கும் பயணம் கூட்டிப் போனார்கள். அந்தப் படங்களைப் போட்டு விளம்பரம் செய்தது வண்டி வாங்கினவர்களேதான். 2010-ல் ஏறக்குறைய 50,000 வண்டி விற்ற நிறுவனம், 2014-ல் 3 லட்சத்தைத் தாண்டியது.

உங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. கடைப் பெயரை மாற்றாதீர்கள். மாமனார் வைத்த பெயர் அப்படியே தமிழில் பெரிதாக இருக்கட்டும். கட்டாயமாகப் போட வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ லேபிளில் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதற்கு அந்த இடம் போதும். மாற்ற வேண்டியது மூடியும் பேக்கிங்கும். பார்சலில் ஒரு பாட்டில் ஒழுகி, கூட இருந்த பருப்புப் பொட்டலமும் நனைந்து போனால், நீங்கள் போட்ட நூறு ரீல்ஸும் வீண். மகன் முதலில் இந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும். பத்துப் பாட்டிலைக் கோவைக்கும் பெங்களூருக்கும் கூரியரில் போட்டு, எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் விற்பனையைத் தொடங்குங்கள்.

ஏஜென்சி சொன்னதில் சிலவற்றை நீங்கள் உறுதியாக மறுக்க வேண்டும் என்பது என் கருத்து. 'இன்று மட்டும்', 'இன்னும் 3 பாட்டில்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் நுகர்வோர் வழிகாட்டுதல் தடை செய்கிறது. மாதச் சந்தாவில் எளிதாகச் சேர்த்துவிட்டு, வெளியே போக வழி கொடுக்காமல் வைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நாளைக்கும் அதே ஆஃபர் ஓடுவதைப் பார்த்த உடனே இவர்கள் உங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

ரீஃபைன்ட் எண்ணெய் சாப்பிட்டால் அந்த நோய் வரும், இந்த நோய் வரும் என்று பயமுறுத்தும் வீடியோ வேண்டவே வேண்டாம். உங்கள் எண்ணெய் எதையோ குணப்படுத்தும் என்றும் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறைகளில் இடமில்லை. இன்னொன்றும் தோன்றுகிறது. மகளின் பக்கத்து வீட்டுக்காரர் நேற்று வரை ரீஃபைன்ட் எண்ணெயில்தான் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுத்தார். இத்தனை நாள் பிள்ளைக்கு விஷம் கொடுத்தாய் என்று ஒரு அம்மாவிடம் சொல்லி வியாபாரம் செய்யலாமா? வாசனை, ருசி, யார் ஆட்டியது, எப்போது ஆட்டியது, இவை போதும் உங்களுக்கு.

யூடியூபர் விஷயம். கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசுகிறவர், இது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதைச் சொல்லிவிட்டன. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகும். 'விளம்பரம்னு போடாம பண்ணித் தர்றேன்' என்று ஒருவர் சொன்னால் அவரை அங்கேயே அனுப்பிவிடுங்கள். லட்சக்கணக்கில் ஆட்கள் பார்க்கும் நகைச்சுவைச் சேனலைவிட, பத்தாயிரம் பேர் பார்க்கும் ஒரு சமையல் சேனல் உங்களுக்குப் பலன் தரும். அவரைக் காங்கேயத்துக்கே வரச் சொல்லுங்கள். செக்கு ஓடும் இடத்தில் நின்று, அவருக்குத் தோன்றிய கேள்வியை எல்லாம் கேட்கட்டும்.

ஆன்லைன் தளத்தில் கடை போடுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். அங்கே உங்கள் பாட்டில் இன்னும் ஐம்பது பாட்டிலோடு வரிசையில் நிற்கும், விலையை வைத்துத்தான் பார்ப்பார்கள். வாங்கினவர் போன் நம்பர் உங்களுக்குக் கிடைக்காது, நாளைக்கு அவரிடம் நேராகப் பேச முடியாது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பி வியாபாரம் செய்தவர்கள் எல்லாம் மறுநாளே ஆள் தெரியாமல் போனார்கள். யாருடைய செயலியாக இருந்தாலும் அது அவர்கள் இடம். வாடிக்கையாளர் பெயரும் நம்பரும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

அதற்கு இப்போதைக்கு வாட்ஸ்அப் பிசினஸும் கூகுள் மேப்பும் போதும், இரண்டும் இலவசம். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து, வரும் கருத்துகளுக்கெல்லாம் பதில் போடுங்கள், திட்டினவருக்கு முதலில். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். அதனால் லேபிளிலேயே நம்பரைப் போட்டு, சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்காமல் யாரையும் குரூப்பில் சேர்க்காதீர்கள், காலை வணக்கம் அனுப்பாதீர்கள். 'வியாழக்கிழமை எள் ஆட்டுகிறோம், சனிக்கிழமை பெங்களூர் பார்சல்' என்று வாரத்துக்கு ஒரு செய்தி போதும். புதிதாக ஆட்டிய எண்ணெய்க்கு முன்கூட்டியே ஆர்டர் சேரும், உங்களுக்கும் சரக்கு தேங்காது.

முதல் வாடிக்கையாளர்களை மகளின் குடியிருப்பிலேயே பிடியுங்கள். அவள் ஊருக்கு வந்து போகும்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் யாராவது எண்ணெய் கேட்டிருப்பார்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் 'நாங்க வாங்கினோம், நல்லா இருந்துது' என்று எழுதும் ஒரு வரிக்கு நிகரான விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. அதற்குக் கமிஷன் கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள். வேண்டுமானால் தீபாவளிக்கு ஒரு பாட்டில் கூடுதலாக அனுப்புங்கள்.

சந்தர்ப்பம் தானாக வரும்போது கையில் சரக்கு இருக்க வேண்டும் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின், மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தபோது எல்லோரும் பொவண்டோ கேட்டார்கள். அதைத் தயாரிக்கும், 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க், தன் பாட்டில்களை ஊர் ஊராகக் கடைகளில் ஏற்கெனவே வைத்திருந்தது. இல்லையென்றால் அந்த அலை அவர்களுக்கு உதவியிருக்காது. உங்கள் வீடியோ ஒன்று திடீரென்று ஓடிவிட்டால், ஒரு வாரத்தில் எத்தனை லிட்டர் நல்ல எண்ணெயாக ஆட்டித் தர முடியும் என்ற கணக்கு முன்கூட்டியே உங்களிடம் இருக்கட்டும். முடியாத ஆர்டருக்குப் பணம் வாங்காதீர்கள்.

சரி, அந்த 40,000 ரூபாய். முதல் மூன்று மாதம் ஏஜென்சி வேண்டாம். பரிசோதனை, நல்ல மூடி, அட்டைப்பெட்டி, லேபிள், ஒரு நாள் வந்து ஒழுங்காகப் படமெடுத்துத் தரும் ஒரு போட்டோகிராபர், இவற்றுக்குச் செலவழியுங்கள். மகன் போனிலேயே வாரம் இரண்டு வீடியோ எடுக்கட்டும், பேசுவது நீங்களாக இருங்கள். மூன்று மாதம் கழித்து ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்: முதல்முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை வாங்கினார்கள்? பாதிக்குப் பாதி திரும்பி வந்திருந்தால் விளம்பரத்துக்குப் பணம் போடலாம், அப்போது ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். வரவில்லை என்றால், வராதவர்களுக்கு ஒரு போன் போட்டு ஏன் என்று கேளுங்கள்.

லேபிள் அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். 'சுத்தமான', 'பாரம்பரிய' போன்ற சொற்களைப் பிராண்ட் பெயரோடு சேர்த்துப் போட்டால், அது பெயர் மட்டுமே என்று கூடவே ஒரு அறிவிப்பு போட வேண்டி வரலாம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.